தலையில் அடி பட்டால்: நம் வீடுகளில் மாற வேண்டிய மூன்று பேச்சுகள்

 

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒரு பயணத்தின்போது, கல் பட்டு ஒருவருடைய தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாத நிலையில் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

தலையில் அடி பட்டவர் விஷயத்தில் நாமும் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறோம். "மயங்கலையே, ஒன்றும் இல்லை" என்கிறோம். "ஸ்கேன் நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகட்டும்" என்கிறோம். "தூங்க விடாதீர்கள்" என்கிறோம். இந்த மூன்றையும் இன்றைய மருத்துவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மயக்கம் வராவிட்டாலும்

மூளை மென்மையானது, மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதப்பது போல் இருக்கிறது. தலை வேகமாகக் குலுங்கும்போது மூளையின் நரம்பு இழைகள் இழுபட்டு, அவற்றின் வேலை சில நாட்களுக்குத் தடுமாறுகிறது. இதுதான் மூளை அதிர்வு. மருத்துவர்கள் கன்கஷன் என்பார்கள். பெரும்பாலோருக்கு இதில் மயக்கம் வருவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மறதி, எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவையே அடையாளங்கள். இவை உடனே தெரியாமல் மறுநாளும் தோன்றலாம்.

கிரிக்கெட் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் எளிதில் புரியும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனைக்குப் பிறகு அவர் மீண்டும் வந்து ஆடினார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். ஆகவே அடி பட்ட பிள்ளை "நான் நன்றாக இருக்கிறேன்" என்றாலும் அன்று மறுபடி விளையாட விடக்கூடாது. மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் குணமாக நெடுநாள் ஆகும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும்.

ஸ்கேன் நன்றாக இருந்தாலும்

சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்வை அது காட்டாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது நிம்மதியான செய்திதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிள்ளை முழுமையாகக் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

தூங்கலாமா?

மருத்துவர் பார்த்து, ஆபத்து இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியவரைத் தூங்க விடலாம். தூக்கம் மூளைக்கு மருந்து. முதல் இரவு பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். எழுப்பினாலும் எழவில்லை என்றால் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்:

• மீண்டும் மீண்டும் வாந்தி
• கூடிக்கொண்டே போகும் தலைவலி
• வலிப்பு
• மயக்கம், எழுப்ப முடியாத உறக்கம், ஆள் அடையாளம் தெரியாமை
• பேச்சு குழறுதல், கை கால் பலவீனம், கண்மணிகள் சமமின்றி இருத்தல்
• காது, மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
• கைக்குழந்தை பால் குடிக்க மறுத்து ஓயாமல் அழுதல்

வயதானவர்களும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறிய அடி பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதியோருக்கு இரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்தும் தடுமாற்றம் தெரியலாம். அதை வயோதிகம் என்று விட்டுவிடக்கூடாது.

எத்தனை நாள் ஓய்வு?

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள் தந்த வழிகாட்டுதல் வேறு. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, வீட்டுக்குள் நடமாடலாம், செல்போன், டிவியைக் குறைக்க வேண்டும். பிறகு மெதுவான நடை, சிறிது படிப்பு எனப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அறிகுறி நன்றாகக் கூடினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் தொடரலாம். விளையாட்டு கடைசியில்தான், அதற்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். அதைத் தாண்டினால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.

மதரஸாவிலும் வீட்டிலும்

ஹிஃப்ழு ஓதும் மாணவனுக்கு இது பெரிய சோதனை. நேற்று சரளமாக ஓதிய பாடம் இன்று நாவில் வராது. வரிகள் மங்கலாகத் தெரியும். வெளிக்காயம் இல்லாததால் சோம்பல் என்றும் சாக்கு என்றும் நினைக்கத் தோன்றும். அப்போது அதட்டுவது அவனுக்குச் செய்யும் அநியாயம். பெற்றோர் நடந்ததை உஸ்தாதிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். புதிய பாடத்தை நிறுத்தி, குறைந்த நேரம், இடையிடையே ஓய்வு என்று தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், பழைய வேகம் திரும்பும். உஸ்தாதுமார்கள் இதற்கு ஒத்துழைக்குமாறு டிரஸ்ட் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

குனிந்தால் தலை சுற்றுகிறவர் உட்கார்ந்து, சைகையால் தொழுவதற்கும், நோயை நோன்பு அதிகப்படுத்தும் என்றால் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்வதற்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. உடல்நிலையை மருத்துவரிடமும், சட்டத்தை ஆலிமிடமும் கேளுங்கள்.

தலையில் அடி பட்டவருக்காக ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லதே. ஆனால் அது மருத்துவமனைக்குப் போகிற வழியில் நடக்கட்டும். அதற்காகப் பயணம் தாமதமாகக் கூடாது.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்