மெய்நிகர் ஆய்வுக்கூடங்கள்: பெங்களூருவின் அனுபவம் உணர்த்தும் பாடங்கள்

விஞ்ஞானக் கல்விக்கு நூலும் ஆசிரியரும் மட்டும் போதா, கருவிகளும் வேண்டும். கருவிகளோ விலை மிக்கவை. அவற்றைப் பழுது பார்க்கவும் பேணவும் ஆண்டுதோறும் செலவு செய்தாக வேண்டும். ஆகவே பெருநகர் ஒன்றின் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிலும் மாணவருக்குக் கிட்டும் வாய்ப்பு, சிற்றூர்க் கல்லூரி மாணவருக்குக் கிட்டுவதில்லை. இவ்வேற்றுமையைக் குறைக்க உதவும் வழிகளுள் ஒன்று, கணிப்பொறிக்குள் அமைக்கப்படும் மெய்நிகர் உலகம். உண்மை உலகின் பொருள்களும் விதிகளும் எண்களாகவும் சமன்பாடுகளாகவும் அதில் அமைக்கப்படுகின்றன. பயில்பவர் அவற்றை இயக்கி விளைவைக் காண்கிறார். இத்துறையில் பெங்களூரு பெற்றுள்ள அனுபவம் ஆராயத்தக்கது.

காற்றுச் சுரங்கமும் கணிப்பொறியும்

1959-இல் தொடங்கப்பெற்ற தேசிய விமானவியல் ஆய்வகம் பெங்களூருவில் இயங்கி வருகிறது. அங்கு 1.2 மீட்டர் அளவுள்ள காற்றுச் சுரங்கம் 1967-இல் செயற்படத் தொடங்கியது. விமானத்தின் சிறு மாதிரியை உள்ளே பொருத்தி, ஒலியின் வேகத்திற்குக் குறைந்தும், அதனை ஒட்டியும், அதனை விஞ்சியும் காற்றைச் செலுத்தி அளவுகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாதிரிக்கும் பொருட்செலவும் காலச்செலவும் உண்டு. காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டே அறியும் முறை இச்சுமையைக் குறைக்கிறது. இதற்கெனப் பல செயலிகள் ஒருங்கே இயங்கும் ‘ஃப்ளோசால்வர்’ என்னும் கணிப்பொறியை அதே ஆய்வகம் 1986-இல் உருவாக்கியது. நாட்டின் முதல் இணைச்செயல் கணிப்பொறி இதுவே.

கணக்கீட்டின் வருகையால் சுரங்கத்தின் தேவை ஒழிந்துவிடவில்லை. பல வடிவங்களுள் பொருந்தாதவற்றைக் கணிப்பொறி கழித்துவிடுகிறது. எஞ்சியவை சுரங்கத்தில் சோதிக்கப்படுகின்றன. அங்கு கிட்டும் அளவுகளால் கணக்கீடும் சரிபார்க்கப்படுகிறது. ஆகவே இரண்டும் ஒன்றற்கொன்று துணையானவை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றன்று.

உயிருக்கு ஊறின்றிப் பயிற்சி

விமானிகளுக்குப் பயிற்சி தரும் பாவனை விமானத்தை அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் உருவாக்கினார். பறக்காமலேயே பறத்தலைக் கற்கும் அம்முறை இன்று பன்மடங்கு வளர்ந்துள்ளது. இலகு ரகப் போர்விமானம் தேஜஸ், கணிப்பொறியின் இடையறாத கட்டுப்பாடின்றி நிலையாகப் பறக்க இயலாத வடிவமைப்புடையது. எனவே அதன் கட்டுப்பாட்டு விதிகள் பெங்களூருவில் உள்ள பாவனைக் கருவிகளில் முன்னதாகவே திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டன. அதன் பின்னரே, 2001 ஜனவரி 4-ஆம் நாள், அவ்விமானம் பெங்களூருவில் முதன்முறையாக விண்ணில் எழுந்தது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்கான வீரர்களின் பயிற்சி நிலையமும் இந்நகரிலேயே அமைந்துள்ளது. அங்கும் பாவனைக் கருவிகளுக்கு முக்கிய இடமுண்டு. பிழை நேரின் உயிரிழப்பு நேரும் துறைகளில், பிழை செய்து கற்கும் வாய்ப்பை மெய்நிகர் உலகம் தருகிறது.

கூட்டு ஆராய்ச்சி

தொலைவில் வாழும் அறிஞர்கள் ஒன்றுகூடவும் இவ்வுலகம் பயன்பட்டுள்ளது. 2003-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகில், வானியல் அறிஞர் சிலர் 2008 முதல் கருத்தரங்குகளையும் பொதுச் சொற்பொழிவுகளையும் நடத்தினர். ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த கட்டணச் சலுகையை அந்நிறுவனம் 2011-இன் தொடக்கத்தில் விலக்கிக்கொண்டது. கல்வி நிறுவனங்கள் பல அதனின்று வெளியேறின. 2013-இல் சலுகை மீண்டும் அளிக்கப்பட்டது. பிறரது நிலத்தில் கட்டிய பள்ளி நிலவுடைமையாளரின் விருப்பத்தைச் சார்ந்தே நிற்கும் என்பது இதனால் பெறப்படும் பாடம். பொதுக் கல்விக்கான மெய்நிகர் உலகம் பொதுவுடைமையாக இருத்தல் நலம்.

கல்லூரிக்கு எட்டிய வழி

இத்தகைய பொது முயற்சிகள் நம் நாட்டிற்குப் புதியவை அல்ல. 1975–76-இல் செயற்கைக்கோள் வாயிலாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு செய்யப்பட்டது. கர்நாடகம் அவற்றுள் ஒன்று. கல்விக்கெனவே அமைந்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்டது. அதனையொட்டிய முன்னோடித் திட்டத்தில் கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. எனினும் ஒளிபரப்பில் மாணவர் காண்பவராக மட்டுமே இருந்தார். கருவியைத் தாமே இயக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

அக்குறையை நீக்க முயன்றது மத்திய அரசின் மெய்நிகர் ஆய்வுக்கூடத் திட்டம். 2009-இல் தொடங்கிய தேசியக் கல்வி இயக்கத்தின்கீழ், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒருங்கிணைப்பில் இது உருப்பெற்றது. சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இதில் பங்கேற்றன. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களும் நூற்றுக்கணக்கான சோதனைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிலவற்றில் எங்கோ உள்ள உண்மைக் கருவியையே தொலைவிலிருந்து இயக்கலாம். 2020-இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இதன் தேவை எல்லோராலும் உணரப்பட்டது.

செலவும் வரம்பும்

பொருளாதார நோக்கில் இதன் இயல்பு தெளிவானது. ஒரு சோதனையை உருவாக்கும் முதற்செலவு மிகுதி. பின்னர் மேலும் ஒரு மாணவர் அதனைப் பயன்படுத்துவதால் ஏற்படும் கூடுதல் செலவு மிகக் குறைவு. ஆயினும் மாணவர் தரப்பில் கணிப்பொறி, மின்சாரம், இணைய இணைப்பு, ஆங்கிலப் பயிற்சி ஆகியன தேவைப்படுகின்றன. இவை இல்லாதவருக்கு இலவச ஆய்வுக்கூடமும் எட்டாக்கனியே.

மற்றொரு வரம்பும் உண்டு. கம்பியின் இணைப்பு தளர்வதும், அமிலம் சிந்துவதும், இருமுறை அளந்தால் இரு விடை வருவதும் உண்மை ஆய்வுக்கூடத்தின் இயல்பு. இவற்றைக் கையாளும் திறனே தொழிற்சாலையில் வேண்டப்படுவது. திரை இவற்றை முழுமையாகக் கற்பிக்க இயலாது. வசதியுள்ள கல்லூரிக்குக் கருவியும், வசதியற்ற கல்லூரிக்குத் திரையும் என்னும் நிலை உருவாகுமாயின், எவ்வேற்றுமையைக் குறைக்க இத்திட்டம் தோன்றியதோ அது நிலைபெற்றுவிடும்.

ஆகவே மெய்நிகர் சோதனை, கருவியைத் தொடுவதற்கு முந்தைய பயிற்சியாக அமைதல் வேண்டும். ஆய்வுக்கூட மானியத்தைக் குறைப்பதற்குக் காரணமாக அமைதல் கூடாது. விளக்கங்கள் தமிழ், கன்னடம் முதலிய மொழிகளில் வெளிவர வேண்டும். ஆசிரியர்களுக்கு உரிய பயிற்சி அளிக்கப்பட வேண்டும். அண்மையில் உள்ள கல்லூரிகள் சில சேர்ந்து உண்மைக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் தேவை. காற்றுச் சுரங்கமும் கணிப்பொறியும் பெங்களூருவில் இணைந்து நிற்பதைப் போன்று, திரையும் கருவியும் ஒவ்வொரு கல்லூரியிலும் இணையுமாயின், விஞ்ஞானக் கல்வியின் பயன் சிற்றூர் மாணவரையும் சென்றடையும்.