கைகளை ஒளித்த கதாநாயகன்

தருமபுரி

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஞாயிறன்று நீ என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரே கதையை மூன்று விதமாக வரைந்திருந்த மூன்று பக்கங்களை என் முன் விரித்து, "ஐயா, இதில் எது என் பாணி?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வி நீ பஸ் ஏறிப் போன பிறகும் என்னை விடவில்லை. காபி ஆறுகிறது என்று சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. ஜவுளிக்கடைக் கண்ணாடி முன் மூன்று சட்டைகளை மாறி மாறி மார்பின்மேல் வைத்துப் பார்த்து, எது எடுப்பாக இருக்கிறது என்று கேட்கிறவனுடைய கேள்வியாக அது என் காதில் விழுந்தது.

முதற்பக்கத்து மாந்தருக்கு முகத்தில் பாதி கண். ஜப்பானியர் பாணி என்றாய். அந்தப் பாணிக்கு மூலபுருஷராகக் கருதப்படும் ஒசாமு தெசுகாவே வால்ட் டிஸ்னியின் படங்களில் மனத்தைப் பறிகொடுத்து, அந்த உருண்டைக் கண்களைத் தம் நாட்டுக்கு எடுத்துப் போனவர். ஆகவே நீ வாங்கி வந்திருப்பது இரவலிலும் இரவல். இரண்டாம் பக்கத்தில் டின்டின் கதைகளில் வருவதுபோல ஒரே சீரான கோடு, நிழல் படாத தட்டையான வண்ணம். எர்ஜே அந்தக் கதைகளைத் தொடங்கியது 1929-ல். அவர் முறைக்குத் 'தெளிந்த கோடு' என்று ஜூஸ்ட் ஸ்வார்ட்டே என்ற டச்சு ஓவியர் பெயர் சூட்டியது 1977-ல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தம் பாணிக்கு அந்தப் பெயர் இல்லாமலே அந்த மனிதர் வரைந்துகொண்டிருந்தார். நீயோ இருபது வயதில், ஒரு கதையையேனும் முடிப்பதற்கு முன்பே, பெயர்ப்பலகைக்கு அளவெடுக்கிறாய்.

மூன்றாம் பக்கத்தின் கரிய நிழல்களைக் கண்டவுடன் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உன் தகப்பனார் பரணில் கட்டி வைத்திருக்கும் இரும்புக்கை மாயாவி! சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் இதழாக வெளியிட்டது அந்தக் கதையைத்தான். வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே, அந்த ஒற்றைக் கையின் விரல் மடிப்பிலேயே கோபத்தையும் தந்திரத்தையும் தயக்கத்தையும் காட்டிவிடுவார் பிளாஸ்கோ. அப்பேர்ப்பட்டவரிடமிருந்து நீ நிழலை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டாய்.

கை என்றதும்தான் சொல்லவேண்டியது வருகிறது. மூன்று பக்கங்களிலும் உன் கதாநாயகன் கைகளை எங்கே வைத்திருக்கிறான், கவனித்தாயா? ஒன்றில் கால்சட்டைப் பைக்குள்; ஒன்றில் முதுகுக்குப் பின்னால்; மற்றொன்றில் கதவுக்கு மறைவில். மூன்று தேசத்துப் பாணிகளையும் சேர்த்துக் கட்டும் கயிறு அதுதான். உனக்குக் கை வரைய வராது. அதை ஒளிக்க நீ செய்திருக்கும் உபாயங்கள் ஒவ்வொன்றும் உன் சொந்தச் சரக்கு. பரிகாசம் செய்கிறேன் என்று எண்ணாதே. கைக்கு வராத ஒன்றை வைத்துக்கொண்டு, கதையை எப்படியும் சொல்லியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் ஒருவன் கண்டுபிடிக்கும் குறுக்குவழிகளின் தொகுதிக்கே பிற்பாடு பாணி என்று பெயர் வருகிறது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது நம் ஊர் நடுகற்களை. பள்ளியில் படிக்கும்போது உங்களையெல்லாம் வரிசையாக அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போனேன். அன்று நீங்கள் பார்த்ததெல்லாம் வெளியே நின்ற ஐஸ் வண்டியை. இப்போது தனியாகப் போய்ச் சிற்பியின் கண்ணால் பார். அவனுக்குக் கிடைத்தது ஒரு பலகைக் கல். புடைப்போ விரற்கடை ஆழம். வீரன் பாய்கிறான் என்று தெரியவேண்டும். ஆகவே கால்களைப் பக்கவாட்டில் அகட்டி வைத்தான். மார்பில் அம்பு தைத்தது தெரியவேண்டும்; ஆகவே மார்பை நம்மை நோக்கித் திருப்பினான். அப்படி ஒருவன் மெய்யாகவே நின்றால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கதை புரிந்துவிடுகிறதே! வீரன் மீட்ட தொறு முழுவதற்கும் கல்லில் இடமில்லை. காலருகே சாண் அளவில்கூட இல்லாத ஓரிரு மாடுகளைச் செதுக்கி மந்தையென்று நம்பவைத்தான். உடற்கூற்றிலும் தூர அண்மைத் தோற்ற விதிகளிலும் அவன் செய்த பிழைகளைக் கணக்கெடுத்தால் என் பழைய வகுப்பில் அவனுக்கு நூற்றுக்கு முப்பது மதிப்பெண்தான் கிடைக்கும். அந்தப் பிழைகளையே பின்வந்தவர்களும் வேண்டுமென்றே செய்தார்கள்.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு கோவிவன் என்ற நாயும் அதில் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்த செய்தி எழுத்தில் இருக்கிறது; படத்தில் இருப்பது நாய். கடித்ததைச் சொல்லும் பொறுப்பை எழுத்துக்கும், அது எப்பேர்ப்பட்ட நாய் என்று காட்டும் பொறுப்பைப் படத்துக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நீயோ கட்டம் நிறைய மழையை வரைந்துவிட்டு, அதன் மேலேயே 'மழை பெய்தது' என்றும் எழுதி வைத்திருக்கிறாய்!

கன்னட நாட்டில் மிகுதியாகவும் நம் பக்கத்தில் ஆங்காங்கேயும் அடுக்கு நடுகற்களும் உண்டு. கீழ்த்தட்டில் போர், நடுவில் மாண்டவனைத் தேவமாதர் தாங்கிச் செல்லுதல், உச்சியில் அவன் சிவலோகத்தில் வீற்றிருத்தல். பக்கத்தைக் கீழிருந்து மேலாக வாசிக்க வைத்த சித்திரக்கதை இது. ஏறுகிறவனுடைய கதையைக் கண்ணும் ஏறிக்கொண்டேதான் படிக்கவேண்டும் என்று எண்ணியவனுடைய புத்தியை என்னென்று புகழ்வது! இதைச் சித்திரக்கதை என்று சொல்லலாகாது என்று சரித்திரம் கற்பித்த என் நண்பர் ஒருவர் இருபது வருஷமாகச் சண்டை பிடிக்கிறார். பிடிக்கட்டும். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோவில் விதானத்து ஓவியங்களை அவரோடு அண்ணாந்து பார்த்து, வாதத்தின் மும்முரத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அவதிப்பட்டது தனிக்கதை.

நானும் பிறர் சட்டையைப் போட்டுப் பார்த்தவன்தான். சின்ன வயதில் சவரக்கடைப் பெஞ்சில் அம்புலிமாமாவைப் புரட்டி, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனைச் சிலேட்டில் வரைந்தேன். காரத்தொழுவில் 1924-ல் பிறந்த சங்கர் வரைந்தது அது என்பது பிறகு தெரிந்தது. பிணத்தின் பாரம் அரசனின் எந்தக் காலில் இறங்குகிறது என்று மட்டும் இன்றுவரை என் பென்சிலுக்குப் பிடிபடவில்லை. வாலிபத்தில் கோபுலு பைத்தியம். தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் விகடனில் வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, நாயனக்காரர் படம் ஒரு டஜன் தயாரித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "கோபுலு எங்களுக்குத் தெரிந்தவர், உங்களை அனுப்புங்கள்" என்று ஒரு கார்டு வந்தது. கோபத்தில் இரண்டு வருஷம் தூரிகையைத் தொடவில்லை. தஞ்சாவூர்க்காரரான அவர் சீவாளியை வாயில் வைத்ததும் கன்னம் புடைப்பதையும் கழுத்து நரம்பு விறைப்பதையும் கண்ணால் கண்டு வரைந்தார். நான் அவருடைய தாளைக் கண்டு வரைந்தேன். இந்த வித்தியாசம் உறைக்க எனக்கு நாற்பது வயதாயிற்று. உனக்கு அத்தனை காலம் ஆகவேண்டாமே என்றுதான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஆகவே ஒரு மாத காலம் பாணி என்ற சொல்லை உச்சரிக்காமல் இரு. ஒரே பேனா, ஒரே மை. பாப்பாரப்பட்டிப் பக்கம் திண்ணையில் ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டும் பெண்களுடைய கைகளை நாளுக்குப் பத்து வீதம் வரை. கோரமாகத்தான் வரும், கிழிக்காதே, தேதி போட்டு வை. ஏழாம் நாள் விரல்களை எண்ணி வரைவதை விட்டுவிட்டு, கை என்ன செய்கிறது என்பதை மட்டும் நாலு கோட்டில் பிடிக்க உன் சோம்பேறித்தனமே உனக்குக் கற்றுத்தரும்.

அது முடிந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்கு நானும் உன்னோடு வருகிறேன். மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே ஒரு சொல் வராது. முழங்கையின் அசைவிலும், விற்க வந்தவன் கண்ணிலும்தான் விலை ஏறுவதும் இறங்குவதும் தெரியும். கைகளை ஒளிப்பதில் கைதேர்ந்தவனாயிற்றே நீ, அந்தத் துண்டை எட்டுக் கட்டங்களில் எனக்கு வரைந்து காட்டு. ரப்பர் கொண்டுவராதே. விடியற்காலையிலேயே கிளம்பிவிடவேண்டும்; வெயில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும், நல்ல மாடுகளும் கைமாறிப் போயிருக்கும்.

உன் நலம் நாடும்,
பழைய டிராயிங் மாஸ்டர்