போர்க்கப்பலின் அண்மைப் பீரங்கி: தேர்ந்தெடுக்கும் முறை

1967 அக்டோபர் 21ஆம் நாள், போர்ட் சையது துறைமுகத்திலிருந்த சிறிய எகிப்தியப் படகுகள் ஏவிய ஸ்டிக்ஸ் ஏவுகணைகள், ஈலாட் என்னும் இஸ்ரேலிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவில் நம் கடற்படையின் படகுகளும் அதே இன ஏவுகணையைக் கொண்டு, கராச்சிக்கு அப்பால் பாகிஸ்தானின் கைபர் கப்பலை மூழ்கடித்தன. இதனால் பீரங்கி கப்பலை விட்டு அகன்றுவிடவில்லை. பாய்ந்து வரும் ஏவுகணையைக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள் சுட்டு உடைப்பது அதன் புதிய பணியாயிற்று. இப்பணிக்குரியதே அண்மைப் பீரங்கி.

இதைத் தேர்ந்தெடுப்போர் நிமிடத்துக்கு எத்தனை குண்டுகள் என்றே முதலில் வினவுகின்றனர். ஏவுகணை கப்பலிலிருந்து எவ்வளவு தொலைவில் உடையும் என்பதே முதல் வினாவாதல் வேண்டும். கரும்பலகையில் இதனைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஏவுகணையின் வேகம் விநாடிக்கு 300 மீட்டர் எனவும், குண்டு பயன்தரும் தொலைவு 1,500 மீட்டர் எனவும் கொள்க. கடைசி 300 மீட்டருக்குள் உடைந்த ஏவுகணையின் துண்டுகள் அதே வேகத்தில் வந்து கப்பலைத் தாக்கக்கூடும், அதனைக் கழித்துவிடுவோம். எஞ்சிய 1,200 மீட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் 4 விநாடி. அமெரிக்காவின் 20 மி.மீ. ஃபாலங்ஸ் பீரங்கி, தன் ஆறு குழாய்களால் நிமிடத்துக்கு 4,500, அதாவது விநாடிக்கு 75 குண்டுகள் சுடும். ஆகவே 300 குண்டுகள். ஏவுகணையின் வேகம் மும்மடங்காயின் 100 குண்டுகளே.

குண்டு பெரிதாயின் தொலைவு கூடும், பாரமும் கூடும். நெதர்லாந்தின் 30 மி.மீ. கோல்கீப்பர் ஏறத்தாழ 10 டன் எடையுள்ளது. மேல்தளத்தின் கீழும் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். ஃபாலங்ஸ் 6 டன் அளவினது; தளத்தைத் துளைக்காமலே பொருத்தலாம். சிறிய கப்பலின் உச்சியில் பாரம் ஏற்றினால் அதன் சமநிலை கெடும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஃபாலங்ஸில் ராடாரும் பீரங்கியும் ஒரே பீடத்தில் உள்ளன. நம் கப்பல்கள் பலவற்றிலுள்ள 30 மி.மீ. ஏ.கே.-630 பீரங்கிக்கு ராடார் வேறிடத்தில் இருந்து வழிகாட்டுகிறது. இரண்டின் திசையும் மிக நுட்பமாகப் பொருந்துதல் வேண்டும். ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், 1,500 மீட்டரில் குறி ஒன்றரை மீட்டர் விலகிவிடும். எக்ஸோசெட் ஏவுகணையின் விட்டமோ 35 சென்டிமீட்டர்தான்!

இத்தாலிய வடிவமைப்பில் ஹரித்வாரில் தயாராகும் 76 மி.மீ. பீரங்கி மற்றொரு வழியைக் காட்டுகிறது. அது நிமிடத்துக்கு 120 குண்டுகளே சுடும். ஆயினும் இலக்கின் அருகே சென்றதும் தானே வெடிக்கும் குண்டுகளை அதில் பயன்படுத்தலாம். ஏவுகணையைத் தொலைவிலேயே எதிர்கொள்வதால், இடம் உள்ள கப்பலுக்கு இதனையே முதலில் கருதலாம் என்பது என் கருத்து.

எந்திரம் நன்றாயிருந்தும் பயனற்றுப் போவதுண்டு. 1987 மே 17இல் பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்னும் அமெரிக்கக் கப்பலை இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள் தாக்கின; 37 மாலுமிகள் மாண்டனர். கப்பலில் ஃபாலங்ஸ் இருந்தது; அது தானே சுடும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. 1991 பிப்ரவரியிலோ, தானியங்கும் நிலையிலிருந்த ஜாரட் கப்பலின் ஃபாலங்ஸ், மிசௌரி கப்பல் வீசிய ராடார் ஏமாற்றுத் தகடுகளை இலக்கெனக் கொண்டு சுட்டது. சில குண்டுகள் மிசௌரியின் மீதே பட்டன. ஆதலின் பீரங்கியின் சுடுகோணத்தில் நட்புக் கப்பல் வருமா, சுடும் ஆணை யார் கையில் என்பனவும் தேர்வில் அடங்கும்.

குண்டுக் கொள்ளளவையும் மறத்தலாகாது. பிற்கால ஃபாலங்ஸின் உருளையில் 1,550 குண்டுகள் உள்ளன. இடைவிடாது சுட்டால் அவை 21 விநாடிக்குள் தீர்ந்துவிடும்; பின்னர் மாலுமிகள் திறந்த தளத்திற்கு வந்து மீண்டும் நிரப்ப வேண்டும்.