அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். தெருவுக்கு நாலு வீட்டில் பட்டாளத்துக்காரர் இருப்பார். நானும் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினேன். பதினோரு வருஷம் கழித்து ஊன்றுகோலோடு இறங்கினேன். அடிபட்டு, மேலே இருப்பவர்களின் பேச்சையும் வாங்கிக்கொண்டு, விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நிற்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

காஷ்மீரில் குப்வாரா பக்கம் ஒரு மழை இரவு. ரோந்து முடித்து இறங்கும்போது மிதித்த கல் புரண்டது. முதுகுச் சுமையோடு விழுந்தேன். சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. வலது முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று, மெடிக்கல் கேட்டகிரி இறங்கியது. ஓடக்கூடாது, குத்தவைத்து உட்காரக்கூடாது, அதிக நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு யூனிட்டுக்குத் திரும்பினேன்.

எங்கள் கம்பெனியின் ஜூனியர் கமிஷண்டு ஆபீசர் (ஜேசிஓ) அந்தச் சீட்டை மதிக்கவே இல்லை. ரோல்காலில் எல்லார் முன்னாலும் என்னை 'லங்கடா' என்றுதான் கூப்பிடுவார். நொண்டி என்று அர்த்தம். ஒரு நாள் லங்கரில், அதாவது சமையல்கூடத்தில், வெங்காயம் உரிக்கப் போட்டார். காலை மடக்க முடியாததால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர், "நடிக்கிறான்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே ஸ்டூலைக் காலால் தட்டிவிட்டார். நான் தரையில் கிடந்தேன், என்னைச் சுற்றி வெங்காயம் உருண்டது. பக்கத்தில் இருந்த பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் நாளைக்கு லீவு வேண்டும். முழங்கால் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. அவர் சொன்ன அந்த வார்த்தை வடியவில்லை.

அடுத்த வாரம் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரமே ஊருக்குப் போகலாம் என்றார்கள். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அந்த மனுஷன் முகத்தில் இனி முழிக்கக் கூடாது என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் இல்லை. அங்கிருந்த கிளார்க் அண்ணன் திருநெல்வேலிக்காரர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, நீயா விட்டுட்டுப் போனா, பதினஞ்சு வருஷம் முடிக்காதவனுக்கு சர்வீஸ் பென்ஷன் கெடையாது. காலுல அடிபட்டதுக்குக் கெடைக்க வேண்டியதும் கைவிட்டுப் போனாலும் போயிரும். ஒரு ராத்திரி தூங்கி எந்திச்சு வா."

அந்த ஒரு ராத்திரிதான் என்னைக் காப்பாற்றியது. அவமானம் தாங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஊரில் செக்யூரிட்டி வேலைக்கு நிற்பவர்களை எனக்குத் தெரியும்.

சொந்த விருப்பத்தில் வருவது வேறு, மெடிக்கல் போர்டு வழியாக வருவது வேறு. அடி பணியால் பட்டதா, ஊனம் எத்தனை சதவீதம் என்று போர்டு எழுதும். பணியால்தான் என்று எழுதி, 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஊன ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. எனக்கு 30 போட்டார்கள். போர்டு வழியாக அனுப்பப்பட்டதால், 50-க்குக் கீழ் இருப்பதை 50 ஆக்கும் விதிப்படி கணக்கிட்டுத் தந்தார்கள்.

இதற்கெல்லாம் உயிர்நாடி இஞ்சுரி ரிப்போர்ட். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, அடிபட்டவர் அப்போது டியூட்டியில் இருந்தாரா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே, போட்டாச்சா என்று கேளுங்கள். நான் ஒவ்வொரு தாளையும் ஜெராக்ஸ் எடுத்து, லீவில் வரும்போது அம்மாவின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். என் பக்கத்துக் கட்டிலில் கை நசுங்கிக் கிடந்தவரிடம் அந்த ரிப்போர்ட் இல்லை. அப்பீல் போட்டும் கிடைக்காமல், கடைசியில் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போனார். கேட்டது கிடைக்காவிட்டால் அப்பீலும் அதன்பின் தீர்ப்பாயமும் உண்டு என்பதை மறக்காதீர்கள். ஆனால் இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, மனம் சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் அது ஓடிவிடும்.

அந்த ஜேசிஓ செய்ததுபோலக் கீழே இருப்பவரைக் கொடுமைப்படுத்துவது 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில் குற்றம். புகார் கொடுக்கும் உரிமை 26-ஆம் பிரிவில் இருக்கிறது. புகாரைக் கம்பெனி கமாண்டரிடம் கொடுக்கலாம்; அவர் மேலேயே புகார் என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் கொடுக்கலாம். நான் தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். திட்டவில்லை. வீடியோ எடுத்து வெளியே விடச் சொன்னவர்கள் உண்டு. அதைச் செய்திருந்தால் என்மேல்தான் விசாரணை வந்திருக்கும். புகாரால் அந்த ஜேசிஓவுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் லங்கர் வேலை நின்றது, அந்தத் தாளும் மறுபடி என் முன்னால் வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, "பாதியில வந்துட்டானாமே" என்ற பேச்சுக்குப் பயந்து பகலில் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டேன். ராத்திரியில் தூக்கம் வராது. வெங்காயம் உருண்ட கதையை என் மனைவியிடம் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்ததும் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். முழங்காலுக்குச் சாப்பிட்டதுபோலத்தான் இதையும் சாப்பிட்டேன்.