கடைசி வரியில் இருக்கும் பிள்ளை

கண்ணு, சர்வதேச ஜூனியர் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஸ்டாட்ஸ் எழுத உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அங்கே இருப்பவர்கள் ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்ல நேரமிருக்காததை நான் எழுதுகிறேன்.

1. பார்த்ததை மட்டும் சொல். டேபிளில் இருவர் சேர்ந்து வேலை செய்வீர்கள். ஒருவர் களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார்: "வெள்ளை ஏழு, ரெண்டு பாயிண்ட், மிஸ். கறுப்பு பதினொண்ணு, டிஃபென்ஸ் ரீபவுண்ட்." மற்றவர் அடித்துக்கொண்டே போவார். முன்பெல்லாம் இந்தப் போட்டிகளில் ஜெர்சி எண் 4 முதல் 15 வரைதான். இப்போது 0, 00, பிறகு 99 வரை எதுவும் வரும். 8-ம் 88-ம் ஒரே அணியில் ஓடும். ஒரே பந்துக்கு ஐந்தாறு கைகள் நீளும்போது எடுத்தது யார் என்று தெரியாவிட்டால் "தெரியலை" என்று சொல்லக் கூச்சப்படாதே. குறித்து வைத்து, இடைவேளையில் வீடியோவில் பார். ஊகித்து எழுதுகிறவர்கள் எப்போதும் பேர் போன ஆட்டக்காரனைத்தான் எழுதுகிறார்கள், பல டேபிள்களில் கவனித்திருக்கிறேன். பேர் தெரிந்த பிள்ளைக்கு ஒரு ரீபவுண்ட் கூடும். பேர் தெரியாத பிள்ளைக்கு ஒன்று குறையும்.

2. அசிஸ்டில் தாராளம் காட்டாதே. கூடை விழுந்ததா, விழவில்லையா என்பதில் சண்டை கிடையாது. அசிஸ்ட் அப்படியல்ல, அது உன் தீர்ப்பு. கொடுத்த பாஸ் நேராகக் கூடைக்கு வழி செய்ததா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். பாஸ் வாங்கியவன் எறியும்போது பவுல் செய்யப்பட்டு, ப்ரீ த்ரோவில் ஒன்றாவது போட்டுவிட்டால், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் கணக்கில் அதுவும் அசிஸ்ட்தான். பாஸ் வாங்கியவன் நின்று, யோசித்து, இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுப் போட்டால் அது அவன் உழைப்பு. இதெல்லாம் விதி, ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் சொந்த நாட்டு அணி ஆடும்போது, முதுகுக்குப் பின்னால் கூட்டம் கத்தும்போது, அதே பாஸ் கொஞ்சம் அழகாகத் தெரியும் பார், அங்கேதான் உன்னை நீ பிடித்து நிறுத்த வேண்டும். நம் பிள்ளைக்கு ஒரு கண், விருந்தாளிப் பிள்ளைக்கு ஒரு கண் என்று இருந்தால் டேபிளில் உட்கார இரண்டு கண்ணும் லாயக்கில்லை.

3. பெரிய எண்ணைக் கண்டு மயங்காதே. 2006-ல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரத்தில் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பிய இறுதி ஆட்டம். ஸ்பெயினும் ரஷ்யாவும். ஸ்பெயினின் 15 வயது ஆட்டக்காரர் ரிக்கி ரூபியோவின் ஸ்டாட்ஸ் வரியை இன்றும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்: 51 புள்ளி, 24 ரீபவுண்ட், 12 அசிஸ்ட், 7 ஸ்டீல். இரண்டு ஓவர்டைம் போய் 110–106 என்று ஸ்பெயின் ஜெயித்தது. வழக்கமான நேரம் முடியும் நொடியில் ரூபியோ மைதானத்தின் பாதியிலிருந்து எறிந்த பந்து விழுந்ததால்தான் ஓவர்டைமே வந்தது. அந்தப் பந்து ஸ்டாட்ஸ் தாளில் எப்படி ஏறும் என்று நினைக்கிறாய்? வெறும் மூன்று. அன்றைய 6.25 மீட்டர் கோட்டின் ஓரத்தில் ஆளில்லாமல் நின்று போட்டிருந்தாலும் அதே மூன்றுதான். தாளுக்கு மூச்சுத் திணறத் தெரியாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

அதைவிட எனக்குச் சுவையானது பிறகு நடந்தது. அன்று தாளைப் பார்த்த எவரும் 51-ஐப் பார்த்துவிட்டு, புள்ளிகளைக் குவிக்கப்போகிற ஒருவன் வந்துவிட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என்.பி.ஏ.வில் ரூபியோவுக்குப் பெயர் வாங்கித் தந்தவை பாஸும், பந்தைப் பறிக்கும் கையும். 2019-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அவர் யாராக ஆகப்போகிறார் என்பதை 51-க்குப் பக்கத்தில் இருந்த 12-ம் 7-ம்தான் சொல்லிக்கொண்டிருந்தன. 2023 ஆகஸ்டில் அவரே மனநலத்துக்காக ஆட்டத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். 15 வயதில் ஒருவன் எடுத்த எண்ணை வைத்து அவன் வாழ்க்கைக்கு ஜாதகம் எழுதிவிடாதே.

4. நாயகனைப் படித்த பிறகு மற்றவர்களையும் படி. 2017-ல் கெய்ரோவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அரையிறுதி. கனடா 99, அமெரிக்கா 87. கனடாவின் ஆர்.ஜே. பாரெட்டுக்கு அப்போது 17 வயது. 38 புள்ளி, 13 ரீபவுண்ட், 5 அசிஸ்ட். உலகமே அந்த 38-ஐப் பேசியது, பேச வேண்டியதுதான். நான் உன்னிடம் கேட்பது மீதி 61-ஐப் பற்றி. அதைப் போட்டவர்களும் பிள்ளைகள்தான். அவர்கள் இல்லாமல் அடுத்து இறுதி ஆட்டத்தில் இத்தாலியை 79–60 என்று வீழ்த்தி வாங்கிய தங்கமும் இல்லை.

5. எஃபிஷியன்சி என்ற கட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள், ஆனால் அதைக் கும்பிடாதே. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டி, தவறிய எறிதல்களையும் தவறிய ப்ரீ த்ரோக்களையும் டர்ன் ஓவர்களையும் கழிப்பார்கள். 12 புள்ளி, 4 ரீபவுண்ட், 2 அசிஸ்ட், 1 ஸ்டீல் எடுத்த பையன் 9 எறிதலும் 2 ப்ரீ த்ரோவும் தவறவிட்டு 4 தடவை பந்தை இழந்தால் அவனுக்கு மிஞ்சுவது 4. இரண்டே புள்ளி போட்டவன் 5 ரீபவுண்ட், 1 அசிஸ்ட், 2 ஸ்டீல் எடுத்து ஒரே ஒரு எறிதலைத் தவறவிட்டால் 9. இதைப் பார்த்துப் பணிவு வரும், நல்லது. ஆனால் தோழன் எறிவதற்காகக் குறுக்கே நின்று மார்பில் இடி வாங்கினானே, அவனுக்கு இந்தக் கூட்டலிலும் இடமில்லை. அவனை உன் கண்ணாவது பார்த்திருக்கட்டும்.

6. கணக்கு நேராகிறதா என்று பார்க்காமல் எழுந்திருக்காதே. ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் ஆடிய நிமிடங்களைக் கூட்டினால் 200. ஓவர்டைம் ஒவ்வொன்றுக்கும் 25 சேர். ப்ளஸ்-மைனஸ் என்பது ஒருவன் களத்தில் இருந்தபோது வந்த புள்ளி வித்தியாசம்; 12 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த அணியில் எல்லோருடையதையும் கூட்டினால் 60 வர வேண்டும். ரீபவுண்ட் மட்டும் ஆட்டக்காரர்களைக் கூட்டினால் குறைகிறதே என்று பதறாதே, யார் கையிலும் படாமல் வெளியே போன பந்து அணியின் பேரில் ஏறியிருக்கும்.

7. கடைசி வரியில் இருக்கும் பிள்ளையிடம் மரியாதையாக இரு. பன்னிரண்டு பேர் பட்டியலில் ஒருவன் மூன்று நிமிடம் ஆடியிருப்பான். புள்ளி 0, டர்ன் ஓவர் 2, பவுல் 3. உனக்கு அது சின்ன வரி. அவனுக்கு நாட்டின் பேர் போட்ட ஜெர்சியில் முதல் வரி. வீட்டில் எல்லோரும் போனில் பார்ப்பார்கள், இணையத்தில் வருஷக்கணக்காக நிற்கும். அவன் பேரின் எழுத்து சரியா, எண் சரியா, அந்த இரண்டாவது டர்ன் ஓவர் உண்மையிலேயே அவன் இழந்ததா, பாஸ் கொடுத்தவன் தப்பா என்று இன்னொரு முறை பார். 38 போட்டவனுக்கு ஒன்று குறைந்தால் யாராவது கேட்பார்கள். இவனுக்காகக் கேட்க யாருமில்லை. இன்னொன்று: ஒரு பையன் கூடைக்குக் கீழே சுலபமான பந்தை விட்டுவிடும்போது டேபிளில் சிரிக்காதே. பெஞ்சு பக்கத்திலேயே இருக்கிறது, எல்லாம் காதில் விழும்.

8. ஆட்டம் முடிந்து தாளைக் கொடுக்கும்போது தோற்ற அணியின் கோச்சுக்கும் அதே முகத்தோடு கொடு. கோபத்தில் வந்து "என் பையனுக்கு ஆறு அசிஸ்ட், நாலுதான் போட்டிருக்கீங்க" என்பார். வாக்குவாதம் வேண்டாம், "எந்த குவார்ட்டர் சார்?" என்று கேட்டு வீடியோவைப் போட்டுப் பார். அவர் சொன்னது சரியென்றால் அங்கேயே திருத்து. இல்லையென்றால் ஏன் இல்லை என்று அந்த பாஸைக் காட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு அணிகளின் பட்டியலை ஏற்ற ஆரம்பி.