அண்ணாமலையை மேலிருந்து படிக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்றும், முதல் பணியாக உன் ஊர் மலையின் ரேடார் படங்களையே கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடு புதைந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் ஏன் யாரும் முன்னால் சொல்லவில்லை? உன்னைப் போல இந்த வேலைக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி வரும், வரவேண்டும். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தச் சரிவுக்குக் காரணமான மழையைக் கொண்டுவந்த ஃபெஞ்சல் புயல் வருவதை வானிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் ஒன்று என்பதால், எப்போதும் நம் பக்கத்தையே பார்த்தபடி இருக்கும். அரைமணிக்கு ஒரு படம் வரும். அகச்சிவப்பில் பார்ப்பதால் இரவும் பகலும் ஒன்றுதான். உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயர்ந்த மேகம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த புயல், நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. அதையும் பார்த்தோம்.

இப்போது ஒரு கணக்குப் போடு. அந்த அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 4 கி.மீ.க்கு 4 கி.மீ. உன் ஊர்க் கிரிவலப் பாதை 14 கி.மீ. அது வட்டம் என்று வைத்துக்கொண்டால் குறுக்களவு நாலரை கி.மீ. கூட வராது. அதாவது அண்ணாமலை முழுவதும் அந்தப் படத்தில் ஏறக்குறைய ஒரே புள்ளி. அந்தப் புள்ளிக்குள் எந்தத் தெருவுக்கு மேலே எந்தச் சரிவில் மண் ஊறிக் கனத்துக்கொண்டிருக்கிறது என்று அது எப்படிச் சொல்லும்? உன் கேள்விக்கு முதல் பதில் இது.

உன் மேசைக்கு வந்திருக்கும் ரேடார் படங்களை எடுத்த நிசார் வேறு வகை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது; 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-எப்16 கொண்டுபோனது. சுமார் 420 டன் எடையுள்ள ராக்கெட் மேலே சேர்த்தது 2.4 டன்னுக்கும் சற்றுக் குறைவான ஒரு செயற்கைக்கோளை. மீதியில் பெரும்பகுதி எரிபொருள். உயரே தூக்கினால் மட்டும் போதாது, திரும்ப விழுந்துவிடும். பக்கவாட்டில் விநாடிக்கு ஏழரை கி.மீ. வேகம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது விழ விழ, பூமியின் வளைவும் கீழே விலகிக்கொண்டே போகும். அந்த வேகத்தில் உன் ஊருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் உள்ள தூரத்தைக் கடக்க அரை நிமிடம் போதும். உனக்கு இதெல்லாம் பாடம். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் எவ்வளவு உழைப்பு எரிந்திருக்கிறது என்பது மறக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். மகேந்திரகிரியில் அந்த ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினைச் சோதித்தவர்களின் உழைப்பும் அதில் உண்டு.

நிசார் தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அதன் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம் என்பதால் இலைகளுக்கு ஊடேயும் ஓரளவு தரையைத் தொடும். 12 நாள் கழித்து அதே இடத்துக்கு மேலே வந்து மறுபடி கேட்கும். இரண்டு முறை வந்த அலைகளின் கட்டத்தை ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரியும். அற்புதமான கருவி. ஆனால் 12 நாளில் இரண்டு பார்வைதான், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வ.உ.சி. நகரில் மண் இறங்கியதைப் போன்ற சரிவுக்குச் சில நிமிடங்கள் போதும். மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும் சரிவை இது காட்டிக்கொடுக்கும். ஒரே நாள் பேய்மழையில் சட்டென்று அறுந்து வருவதைக் காட்டும் என்று நம்பாதே.

இன்னொன்றை உன் அதிகாரிகள் சொல்லமாட்டார்கள், நீயேதான் கவனிக்க வேண்டும். துருவத்தை ஒட்டி மேலும் கீழுமாகப் போகும் இந்தச் செயற்கைக்கோள் பக்கவாட்டில்தான் பார்க்கிறது. நிலம் கிழக்கு மேற்காக நகர்ந்தாலோ, இறங்கினாலோ, ஏறினாலோ அதற்குத் தெரியும். வடக்கு தெற்காக நகர்ந்தால் அநேகமாகத் தெரியாது. அண்ணாமலைக்கோ நாலு பக்கமும் சரிவு. செங்குத்தான இடங்கள் சில ரேடார் நிழலில் விழுந்து வெற்றிடமாகவே வரும். அந்த வெற்றிடத்தை வரைபடத்தில் பச்சை நிறத்தில் விட்டுவிடாதே. பார்ப்பவர் பச்சையைப் பாதுகாப்பு என்றுதான் படிப்பார். சாம்பல் நிறம் பூசு. ‘இங்கே எங்களுக்குத் தெரியவில்லை’ என்று தமிழில் எழுது.

சிவப்பிலும் அதே கவனம் வேண்டும். மலையை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் வேறு இடத்தில் வாடகை கொடுக்க வழியிருந்தால் அங்கே இருந்திருக்கமாட்டார்கள். நீ பூசும் ஒரு சிவப்புக் கோடு ஒரு குடும்பத்தின் வீட்டைக் காலி செய்ய வைக்கும். பூசாமல் விட்டால் அதைவிடப் பெரிய இழப்பு நேரலாம். ஆகவே கோடு போடும் முன் அந்தச் சரிவுக்கு நடந்து போ. மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்தப் பாறை மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எது தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறது, எந்தச் சுவரில் புதிதாக ஊற்று கசிகிறது? அங்கே துணி காயப்போடும் அம்மாக்கள் சொல்வார்கள். 2024 டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடலாமா என்ற கேள்வி வந்தபோதும் புவியியல் வல்லுநர்கள் மலைக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தார்கள். பக்தர்களுக்கு அந்த ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வேலை செய். மலைச்சரிவிலேயே சில தானியங்கி மழைமானிகள் வைக்கச் சொல்லி உன் அலுவலகத்தின் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கு எழுது. எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மழை பெய்தால் மேல்தெருக்காரர்களை இரவோடு இரவாகக் கீழே அழைத்து வரவேண்டும் என்று முடிவெடுக்க அந்த எண் வேண்டும். விண்வெளிப் படம் படிக்கிறவளுக்கு மழைமானி எதற்கு என்று யாராவது கேட்டால், அந்த ஒற்றைப் புள்ளிக் கணக்கைப் போட்டுக் காட்டு. எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டினால் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா