காசு வேண்டாம், பிட்ரேட் வேண்டும்

கேள்வி: ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவைப் படமெடுத்தேன். எடிட் செய்து முடித்தால் தீச்சட்டிப் புகையும் கூட்டமும் கட்டம் கட்டமாக உடைகின்றன. விலை குறைந்த நல்ல மென்பொருள் எது?
– வாசகர், சோழவந்தான்

பதில்: விலையே வேண்டாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே வரை தரும். ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட் போதும். திருட்டுப் பதிப்பு வேண்டவே வேண்டாம், வைரஸும் கூடவே வரும்.

கட்டம் விழுவது பெரும்பாலும் எடிட்டரின் குற்றமல்ல, பிட்ரேட் (நொடிக்கு ஒதுக்கும் தரவு) போதாமை. புகையும் கூட்டமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் அதிகத் தரவு தேவை. முதலில் உயர்ந்த பிட்ரேட்டில் ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு, இலவச ஹேண்ட்பிரேக்கில் எச்.264, தர எண்ணான ஆர்எஃப் 20 வைத்துச் சுருக்குங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். சுருக்கியது பென்டிரைவில் கொடுக்க மட்டும். யூடியூப் தானே மறுபடி சுருக்கும் என்பதால், அங்கே பெரிய கோப்பையே ஏற்றுங்கள்.